இரண்டு முனையும் ஒரே சுவிட்சில்

குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையில் உள்ள ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவர். கணக்குப் பிரிவில்தான் சேர்ந்தார். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று சொல்லிச் சொல்லியே தொழிற்சாலையின் மொத்த ஐடி வேலையும் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. ஆபீஸ் ரேக்கில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று, உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு ரகம். கட்டிங் ஹாலிலும் தையல் ஹாலிலும் அதே மாதிரி ஒவ்வொன்று. பேக்கிங் ஹால், ஸ்டோர், கேட் என்று மற்ற இடங்களில் சுவரில் மாட்டிய 8 போர்ட் சாதாரண சுவிட்சுகள்.

ஒரு திங்கள்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வருகையைப் பதியும் பஞ்சிங் மெஷின் விரலை வாங்கவில்லை. டேலி திறக்கவில்லை. அட்டைப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரிண்டர் நின்றுவிட்டது. சென்னைத் துறைமுகம் போக வேண்டிய கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. வைரஸாக இருக்குமோ என்று சர்வரை ஸ்கேன் செய்தார். இன்டர்நெட் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தார். சர்வரையும் சுவிட்சுகளையும் அணைத்துப் போட்டார். ஒரு நிமிடம் ஓடியது, மறுபடி படுத்துவிட்டது. நான்கு மணி நேரம் கழித்து வெண்டர் அனுப்பிய ஆள் வந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்ததில், பேக்கிங் ஹாலில் ஒரு நீலக் கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் சொருகியிருந்தது தெரிந்தது. அன்று காலை மேசையை நகர்த்திய எலெக்ட்ரீஷியன் அண்ணன், கேபிள் அறுந்து தொங்குகிறது என்று நினைத்து, காலியாக இருந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறார்.

மறுநாள் வாசகிக்கு மெமோ வந்திருக்கிறது. கவனக்குறைவால் உற்பத்தி பாதிக்கப்பட்டது, மூன்று நாளில் விளக்கம் தரவும் என்று. அவர் கேட்பது நான்கு. இது என் தவறா? ஆறு மாதத்துக்கு முன்பு, காலையில் கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி வரவில்லை என்றபோது, வெண்டர் சொன்னபடி சுவிட்சுகளில் கேபிள் வளையத்தைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ வசதியை நிறுத்தினேன், அதனால்தான் இப்படி ஆனதா? எல்லா சுவிட்சையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகைக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், தேவையா? ஆபீஸுக்கும் தையல் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேர் கேபிளை இனி வேண்டவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்கிறார், எடுத்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் மூன்று இடத்தில் "என்னால் தொழிற்சாலை நின்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் நடமாடும் இடத்தில் யாராவது ஒருவர் என்றைக்காவது கேபிளைத் தப்பாக மாட்டத்தான் செய்வார். அப்படி மாட்டினால் அந்த ஒரு மேசையோடு, மிஞ்சினால் அந்த ஒரு ஹாலோடு பாதிப்பு நிற்க வேண்டும். ஒரு முழம் கேபிள் மொத்தத் தொழிற்சாலையையும் நிறுத்த முடிந்தது என்றால், குறை நெட்வொர்க்கின் அமைப்பில் இருக்கிறது. உங்களிடமோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடமோ தேட வேண்டியதில்லை. இந்த அமைப்பைச் சரிசெய்ய முடியும், அதுவும் பெரும்பாலும் உங்களிடம் இப்போது இருக்கும் சுவிட்சுகளை வைத்தே.

அன்று காலை என்ன நடந்தது

ஒரு கம்ப்யூட்டர் சர்வரோடு பேசுவதற்கு முன்னால் "இந்த ஐபி யாருடையது?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். ஏஆர்பி என்பது அதுதான். இப்படி எல்லோருக்குமாகப் போகும் பிராட்காஸ்ட் செய்தியை, அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்புவது சுவிட்சின் வேலை. பேக்கிங் ஹால் சுவிட்சில் அந்த நீலக் கேபிளின் ஒரு முனை 3-ஆம் போர்ட்டிலும் மறுமுனை 6-ஆம் போர்ட்டிலும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் இருந்து ஒரு ஏஆர்பி வருகிறது. 3-இல் அனுப்பியது 6-இல் திரும்பி வரும், 6-இல் அனுப்பியது 3-இல் திரும்பி வரும். சுவிட்சுக்கு இரண்டுமே புதுச் செய்திதான். மறுபடி எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும், ஆபீஸுக்குப் போகும் லைன் உட்பட. அனுப்பியது திரும்பி வரும். இதற்கு முடிவே கிடையாது. கேபிள் போடும் இந்தச் சுற்றை வளையம் (லூப்) என்றும், அதில் பெருகும் செய்திகளை பிராட்காஸ்ட் புயல் என்றும் சொல்வார்கள்.

ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதிகபட்சமே 255 தான். சுவிட்சுகள் கடத்தும் செய்திப் பொதியான ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் அதோடு சேர்ந்துகொள்ளும். 100 எம்பிபிஎஸ் லைனில் 64 பைட் அளவுள்ள சின்ன ஃபிரேம்கள் நொடிக்கு 1,48,810 வரை ஓட முடியும். கிகாபிட் லைனில் 14,88,095. பிராட்காஸ்ட் என்பதால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். பஞ்சிங் மெஷினில் இருப்பது சின்ன பிராசசர். அது முதலில் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கும். "சர்வரைப் பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று சோதித்தால்) ஒன்று வருகிறது, ஐந்து போகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இது. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, வரும் ஃபிரேமின் அனுப்புநரைப் பார்த்துத்தான் சுவிட்ச் கற்றுக்கொள்கிறது. சர்வர் அனுப்பிய ஒரு பிராட்காஸ்ட் பேக்கிங் ஹால் வரை போய், அங்கே சுற்றி, ஆபீஸ் சுவிட்சுக்கே திரும்பி வருகிறது. ஆபீஸ் சுவிட்ச் உடனே "ஓ, சர்வர் பேக்கிங் ஹால் பக்கம் போய்விட்டது" என்று எழுதிக்கொள்ளும். அதே ரேக்கில், ஒரு ஜாண் கீழே இருக்கும் சர்வருக்குப் போக வேண்டிய டேலி பாக்கெட் எல்லாம் பேக்கிங் ஹாலுக்குப் போகும். சர்வர் அடுத்த ஃபிரேமை அனுப்பியதும் பழைய இடத்துக்கு மாற்றி எழுதும். அப்புறம் மறுபடி மாறும். சுவிட்சின் லாக்கில், அதாவது நிகழ்வுப் பதிவில், இதைத்தான் மேக் ஃப்ளாப்பிங் என்று காட்டுவார்கள்.

ஆகவே இது வைரஸ் இல்லை, இன்டர்நெட் நிறுவனத்தின் கோளாறும் இல்லை. அடுத்த முறை சந்தேகம் வந்தால் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சர்வரை மட்டும் பிங் செய்து பாருங்கள். அப்போதும் தடுமாறினால் பிரச்சினை உங்கள் சுவருக்குள்தான் இருக்கிறது. சுவிட்சுகளை அணைத்துப் போட்டபோது ஒரு நிமிடம் ஓடியதும் இதனால்தான். சுற்றிக்கொண்டிருந்த ஃபிரேம்கள் மின்சாரத்தோடு போய்விட்டன, கேபிள் அப்படியே இருந்தது, அடுத்த பிராட்காஸ்ட் வந்ததும் கதை மறுபடி தொடங்கிவிட்டது.

ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்தியது பற்றி

இதற்கு உண்மையான பதில் "ஆமாம், அது தவறுதான், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை" என்பது.

இந்த வளையப் பிரச்சினை சுவிட்ச் நெட்வொர்க் பிறந்த நாளில் இருந்தே உண்டு. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மேன் என்ற பெண்மணி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1990-இல் அது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.1டி என்ற தரநிலையாக வந்தது. சுவிட்சுகள் தங்களுக்குள் பிபிடியு என்ற சிறு செய்தியை 2 நொடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொள்ளும். தங்களில் ஒன்றை ரூட்டாக, அதாவது தலைமை சுவிட்சாக, தேர்ந்தெடுக்கும். ரூட்டுக்குப் போக இரண்டு வழி இருந்தால் ஒன்றை மட்டும் திறந்து வைத்து மற்றதைத் தடுத்து வைக்கும். திறந்திருக்கும் வழி அறுந்தால் தடுத்த வழியைத் திறந்துவிடும்.

உங்களுக்குத் தொல்லை கொடுத்தது இதன் எச்சரிக்கைக் குணம். ஒரு போர்ட்டில் புதிதாக ஏதாவது மாட்டினால் 15 நொடி கவனிக்கும், இன்னொரு 15 நொடி முகவரிகளைக் கற்கும், அப்புறம்தான் திறக்கும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸ் ஐபி கேட்கிறது, போர்ட் மூடியிருக்கிறது, காத்திருந்து அலுத்துப்போய் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்கிறது. வெண்டர் இதைப் பார்த்துவிட்டு ஸ்பேனிங் ட்ரீயையே நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்த அறிவுரையை வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் நிறைய இடத்தில் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் மாட்டும் போர்ட்டுகளுக்கு மட்டும் எட்ஜ் போர்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. சிஸ்கோ கம்பெனி சுவிட்சுகளில் போர்ட்ஃபாஸ்ட் என்பார்கள். அதைப் போட்டால் அந்தப் போர்ட் உடனே திறந்துவிடும், ஐபியும் கிடைத்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் பாதுகாப்பையே எடுத்துவிட்டார்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் இடத்தில் வளையம் விழுந்தது ஸ்பேனிங் ட்ரீ தெரியாத சாதாரண சுவிட்சுக்கு உள்ளே. ஆபீஸ் சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தாலும், தான் அனுப்பிய பிபிடியு தன் அதே போர்ட்டுக்கே திரும்பி வருவதை எல்லா மாடலும் ஒரே மாதிரி கையாள்வதில்லை. அந்தச் சாதாரண சுவிட்ச் பிபிடியுவை விழுங்கிவிடும் ரகமாக இருந்தால் அது திரும்பியே வராது. அதனால் ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்தாமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று வெண்டரோ மேனேஜரோ சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். நிறுத்தியது தவறு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட விபத்தைத் தடுக்க அதற்கு மேலும் ஓர் அடுக்குப் பாதுகாப்பு வேண்டும். அது யாரும் போட்டுத் தராதது.

மெமோவுக்கு என்ன எழுதுவது

கெடு இருப்பதால் இதை முதலில் முடித்துவிடுங்கள். மெமோ என்பது தண்டனை இல்லை, விளக்கம் கேட்பது. பயந்துபோய் "முழுப் பொறுப்பும் என்னுடையது, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "எனக்கு எதுவும் தெரியாது" என்றும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு என்ன நின்றது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு எது கண்டுபிடிக்கப்பட்டது என்று நேர வரிசையில் எழுதுங்கள். ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்தியதை மறைக்க வேண்டாம். எந்தப் பிரச்சினைக்காக, யார் ஆலோசனையில், எந்த மாதம் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். வெண்டர் அனுப்பிய மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் இணைத்துவிடுங்கள். இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அரைப் பக்கம் எழுதுங்கள். நிர்வாகம் ஊன்றிப் படிக்கப்போவது அந்த அரைப் பக்கத்தைத்தான். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரீஷியன் அண்ணனின் பெயரை எழுத வேண்டுமா என்று தயங்குகிறீர்கள். எழுத வேண்டிய அவசியம் இல்லை. "மேசையை நகர்த்தியபோது தொங்கிய கேபிளின் மறுமுனையும் அதே சுவிட்சில் மாட்டப்பட்டது" என்று நடந்ததை எழுதினால் போதும். நேரில் கூப்பிட்டுக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அவர் ஒழுங்குபடுத்தத்தான் செய்தார், அந்த சுவிட்சைத் தொடக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இது ஒரு தனி ஆளின் கவனக்குறைவு என்று நிர்வாகம் பிடிவாதமாக இருந்தால் ஓர் உதாரணம் சொல்லலாம். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையில் ஸ்பேனிங் ட்ரீ குழம்பி நெட்வொர்க் சுமார் நான்கு நாள் முடங்கியது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்தில் எழுதித்தான் வேலையை ஓட்டினார்கள். அங்கே ஐடி துறைக்கு ஆள் பஞ்சம் இல்லை. நெட்வொர்க் பல ஆண்டுகளாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்து, ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டிவிட்டிருந்தது. அந்த மருத்துவமனையின் தலைமைத் தகவல் அதிகாரி ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் மற்ற மருத்துவமனைகளுக்கும் பயன்பட வேண்டும் என்று பொதுவில் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன வேலூர் மாவட்டத்தில் இந்த உதாரணம் எந்த மேனேஜருக்கும் உடனே புரியும்.

விளக்கத்துக்குப் பிறகும் சம்பளப் பிடித்தம், சஸ்பென்ஷன் என்று பேச்சு போனால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். அது என் துறை இல்லை.

அடுத்த முறை சீக்கிரம் கண்டுபிடிக்க

சுவிட்சின் விளக்குகளைப் பாருங்கள். சாதாரண நாளில் ஒவ்வொரு போர்ட்டும் அதனதன் போக்கில் மினுக்கும். வளையம் விழுந்தால் கேபிள் மாட்டிய எல்லாப் போர்ட்டும் ஒரே தாளத்தில், நிற்காமல், வேகமாக மினுக்கும். யாரும் வேலை செய்யாத நேரத்திலும் அப்படி மினுக்கினால் லூப் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ரேக்கை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஆபீஸ் சுவிட்சில் இருந்து ஹால்களுக்குப் போகும் லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் பத்து நொடி பொறுத்து மற்ற விளக்குகளைப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் திருப்பி மாட்டாமல் அடுத்ததைக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் வளையம். அதை வெளியே விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தால் முக்கால்வாசி தொழிற்சாலை ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் நிதானமாக அந்த ஹாலுக்குப் போய் அங்கேயும் இதையே செய்யலாம். ஆபீஸையும் ஒரு ஹாலையும் இரண்டு கேபிள் இணைத்தால் எந்த ஒன்றைக் கழற்றினாலும் அடங்கும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜ்டு சுவிட்சுக்குள் பார்க்க வேண்டியது மூன்று: லாக்கில் மேக் ஃப்ளாப்பிங், போர்ட் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் பிராட்காஸ்ட் எண்ணிக்கை, ஸ்பேனிங் ட்ரீ விவரத்தில் கடைசியாக மாற்றம் வந்த போர்ட் எது என்பது. புயல் நேரத்தில் வெப் பக்கம் திறக்காது. அதனால் லேப்டாப்பை சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள் ஒன்று ரேக்கிலேயே கட்டித் தொங்கட்டும். நெட்வொர்க்கில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் பழக்கம் இருந்தால் ஒரு லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். ஒரே ஏஆர்பி கேள்வி, ஒரே அனுப்புநர், நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இனி வராமல் தடுக்க

மூன்று மேனேஜ்டு சுவிட்சிலும் ஸ்பேனிங் ட்ரீயைத் திரும்பப் போடுங்கள். பழைய முறை வேண்டாம், ஆர்எஸ்டிபி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 2001-இல் வந்த வேகமான முறை இது. ஒரு வழி அறுந்தால் பழையது 30 முதல் 50 நொடி எடுத்துக்கொள்ளும், இது பெரும்பாலும் ஓரிரு நொடியில் மாறிவிடும். ரூட்டைத் தீர்மானிக்கும் பிரையாரிட்டி எண்ணில் சின்னதுதான் ஜெயிக்கும், அதனால் ஆபீஸ் சுவிட்சுக்கு 4096 என்றும் தையல் ஹால் சுவிட்சுக்கு 8192 என்றும் கையால் போடுங்கள். போடாமல் விட்டால் எல்லாவற்றுக்கும் 32768 தான் இருக்கும். அப்போது மேக் முகவரி எதற்குச் சின்னதோ அது ரூட் ஆகிவிடும். பல நேரம் அது மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாக இருக்கும்.

கம்ப்யூட்டர், பிரிண்டர், பஞ்சிங் மெஷின் மாட்டும் போர்ட்டுகளில் எட்ஜ் போர்ட், அதோடு பிபிடியு கார்டு, இரண்டையும் சேர்த்தே போடுங்கள். அந்தப் போர்ட்டுக்குள் பிபிடியு வந்தால் யாரோ சுவிட்சையோ வளையத்தையோ மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கார்டு உடனே போர்ட்டை மூடிவிடும். மெனுவில் பக்கத்திலேயே பிபிடியு ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். அது பிபிடியுவைக் கண்ணில் படாமல் ஆக்கிவிடும், நீங்கள் மறுபடி இப்போது இருக்கும் இடத்துக்கே வந்துவிடுவீர்கள். சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் மேனேஜ்டு லைன்களில் கார்டு போடக் கூடாது.

உங்கள் விபத்துக்கு நேரடித் தடை லூப் டிடெக்‌ஷன். லூப்பேக் டிடெக்‌ஷன், லூப் புரொடெக்ட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சுவிட்ச் தன் சொந்தச் சோதனை ஃபிரேம் ஒன்றை அவ்வப்போது அனுப்பும். அனுப்பியது தனக்கே திரும்பி வந்தால் போர்ட்டை மூடிவிடும். சாதாரண சுவிட்ச் பிபிடியுவை விழுங்கினாலும் இந்த ஃபிரேமைப் பொதுவாக விடும். பேக்கிங் ஹால், ஸ்டோர், கேட் சுவிட்சுகளுக்குப் போகும் ஆபீஸ் போர்ட்டுகளில் இதைக் கட்டாயம் போடுங்கள். போட்டிருந்தால் அன்றைக்கு லேபிள் பிரிண்டர் மட்டும் நின்றிருக்கும், பஞ்சிங்கும் டேலியும் ஓடியிருக்கும், எந்தப் போர்ட் என்று லாக்கும் சொல்லியிருக்கும். மூடிய போர்ட் தானாகத் திறக்க நேரமும் குறிக்கலாம். சிஸ்கோவில் அந்த வசதியைப் போட்டால் வழக்கமாக 300 நொடி. நீங்கள் ஒருவரே ஐடி ஆள், விடுப்பு எடுக்கும் நாளும் வரும். அதனால் அது இருக்கட்டும்.

ஸ்டார்ம் கன்ட்ரோல் என்பது பிராட்காஸ்ட் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வெட்டிவிடுவது. காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது மாதிரி, காரணம் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் மற்ற ஹால்கள் மூச்சுவிட இடம் கிடைக்கும், போட்டு வையுங்கள். கேமராக்களையும் பஞ்சிங் மெஷின்களையும் தனித்தனி விலேனில் (அதே சுவிட்சுகளுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்) பிரிப்பதும் நல்லது. ஆனால் ஒரு விலேனில் புயல் வந்தால் அதே லைனில் போகும் மற்ற விலேன்களும் திணறும். விலேன் போட்டாயிற்று, இனி லூப் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத வளையங்கள். ஐபி போனில் சுவருக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டை இருக்கும். இரண்டையும் சுவரில் மாட்டினால் போனே சுவிட்சாக மாறி வளையம் போட்டுவிடும். லேப்டாப்பில் வைஃபையையும் கேபிளையும் பிரிட்ஜ் செய்து வைத்திருந்தாலும், வைஃபை ரிப்பீட்டரைக் கேபிளாலும் இணைத்தாலும் இதே கதை. இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள கேமரா ரெக்கார்டர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொட்டேஷனும் ஸ்பேர் கேபிளும்

எல்லா சுவிட்சையும் மாற்றச் சொல்வதற்கு உங்கள் கடிதத்தில் எனக்குக் காரணம் தெரியவில்லை. மூன்று மேனேஜ்டு சுவிட்சும் நல்ல நிலையில் இருக்கின்றன, மேலே சொன்னதில் பெரும்பாலானது அவற்றில் ஒரு நாள் வேலை. பணம் செலவழிப்பதாக இருந்தால் பேக்கிங் ஹால், ஸ்டோர், கேட் சுவிட்சுகளை மட்டும், லூப் டிடெக்‌ஷன் உள்ள சின்ன ஸ்மார்ட் சுவிட்சாக மாற்றுங்கள். அப்போது வளையம் விழுந்தால் ஹாலே நிற்காமல் அந்த ஒரு போர்ட்டோடு போய்விடும். வாங்கும் முன் டேட்டா ஷீட்டில் அந்த வசதி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "மேனேஜ்டு" என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். மிச்சப் பணத்தில் சுவிட்சுகளுக்குப் பூட்டு உள்ள பெட்டி வாங்குங்கள். பேக்கிங் ஹாலில் பறக்கும் தூசிக்கும் அது நல்லது.

ஸ்பேர் கேபிளை எடுக்காதீர்கள். ஸ்பேனிங் ட்ரீ நிறுத்தியிருக்கும் இன்றைய நிலையில் அதை மாட்டுவதுதான் ஆபத்து. ஆர்எஸ்டிபி ஓடும்போது அது தடுக்கப்பட்டு அமைதியாக இருக்கும், முதல் லைனை எலி கடித்தாலும் தையல் ஹால் நிற்காது. இரண்டையும் சேர்த்து ஒரே லைனாகப் பயன்படுத்தும் எல்ஏசிபி முறையும் உண்டு. ஆனால் அதில் ஒரு பக்கம் மட்டும் அமைத்துவிட்டு மறுபக்கம் மறந்தால் அதுவே வளையம் ஆகலாம். அந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டு முனையிலும் அமைத்த பிறகே இரண்டாவது கேபிளை மாட்ட வேண்டும். உங்கள் அளவுக்கு ஆர்எஸ்டிபியே போதும் என்பது என் கருத்து. இன்னொன்று: கட்டடத்துக்குக் கட்டடம் போகும் லைன் செம்புக் கேபிளாக இருந்தால், அடுத்த முறை மாற்றும்போது ஃபைபராகப் போடுங்கள். செம்பு 100 மீட்டர் வரைதான். அதோடு ஐப்பசி இடி மின்னலில் இரண்டு பக்க சுவிட்சும் சேர்ந்து போவதும் குறையும்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நீங்களே வளையம் போட்டுப் பாருங்கள். கேமரா கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபீஸ் சுவிட்சில் கன்சோல் கேபிளோடு ஒரு லேப்டாப், கட்டிங் ஹாலில் இருந்து சர்வருக்கு விடாமல் ஒரு பிங். எலெக்ட்ரீஷியன் அண்ணனையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், என்ன ஆகிறது என்று அவரும் பார்க்கட்டும். பேக்கிங் ஹாலில் அதே மாதிரி ஒரு கேபிளின் இரண்டு முனையையும் மாட்டுங்கள். ஆபீஸ் சுவிட்சில் அந்த ஒரு போர்ட் மூட வேண்டும், கட்டிங் ஹால் பிங் சில நொடிக்கு மேல் தடுமாறக் கூடாது. லாக்கில் வரும் அந்த வரியைப் படம் எடுத்து நிர்வாகத்துக்குக் கொடுங்கள். போர்ட் மூடாமல் மொத்தமும் நின்றால் பதற வேண்டாம், கேபிளைப் பிடுங்கினால் உடனே திரும்பி வந்துவிடும். அப்படி ஆனால் மூன்று சுவிட்சின் மாடல் எண்ணையும் பாஸ்வேர்டுகளை அழித்த கான்ஃபிக் (சுவிட்ச் அமைப்புகளின் கோப்பு) நகலையும் எனக்கு அனுப்புங்கள், எந்த அமைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.